மீட்டர்ல சைபர் காட்டுச்சுன்னா கேஸ் இல்லன்னு அர்த்தமா?

செப்டிக் டேங்க்ல இறங்கினவர் விஷவாயு தாக்கி இறந்துட்டார், காப்பாத்தப் போனவரும் இறந்துட்டார்னு நியூஸ் வரும்போதெல்லாம் கீழ கமெண்ட்ல ரெண்டு கேள்வி வந்துடுது. நாத்தம் அடிச்சிருக்குமே, ஏன் இறங்கினாங்க? இப்பதான் கேஸ் டிடெக்டர் வந்துடுச்சே, அத வச்சு பாத்திருக்கலாமே? ரெண்டுமே நியாயமான கேள்விதான், ஆனா ரெண்டுக்கும் பின்னாடி ஒரு தப்பான நம்பிக்கை இருக்கு. மூக்கு நம்மள காப்பாத்தும்ங்கிறது ஒண்ணு, மீட்டர்ல சைபர் இருந்தா சேஃப்ங்கிறது இன்னொண்ணு. இதுல ரெண்டாவதுதான் படிச்சவங்களையும் ஏமாத்துது, அதனால அதைத்தான் இங்க கொஞ்சம் விரிவா பாக்கப்போறோம். முதல்ல அடிப்படையில இருந்து ஆரம்பிக்கலாம்.

விஷவாயுன்னு ஒரே ஒரு வாயு கிடையாது

பேப்பர்ல விஷவாயுன்னு ஒரே வார்த்தையில முடிச்சிடறாங்க. ஆனா மூடின இடத்துல காத்து ஆளைக் கொல்றதுக்கு மூணு வழி இருக்கு, மூணையும் தனித்தனியா அளக்கணும்.

1. ஆக்ஸிஜன் குறையறது. நல்ல காத்துல 20.9 சதவீதம் இருக்கும். 19.5க்கு கீழ போனா மீட்டர் கத்தணும். விஷமே இல்லாத நைட்ரஜன் கூட ஆக்ஸிஜனை வெளிய தள்ளிட்டு ஆளை சாய்ச்சிடும்.
2. தீப்பிடிக்கிறது. மீத்தேன், எல்பிஜி, பெட்ரோல் ஆவி, ஹைட்ரஜன் எல்லாம் இந்த வகை.
3. உண்மையான விஷம். ஹைட்ரஜன் சல்பைடு, கார்பன் மோனாக்சைடு, அமோனியா, குளோரின் மாதிரி.

செப்டிக் டேங்க், கழிவுநீர் மேன்ஹோல் மாதிரி இடங்கள்ல இந்த மூணும் ஒண்ணா இருக்கும். அதனாலதான் அங்க எடுத்துட்டுப் போற மீட்டரை ஃபோர் கேஸ் மீட்டர்னு சொல்றாங்க. ஆக்ஸிஜன், எரியற கேஸ், கார்பன் மோனாக்சைடு, ஹைட்ரஜன் சல்பைடு, இந்த நாலுதான் அதுக்குத் தெரியும், வேற எதுவும் தெரியாது. இத இப்பவே மனசுல வச்சுக்கோங்க.

ஸ்கிரீன்ல வர்ற நம்பருக்கு என்ன அர்த்தம்

விஷ கேஸை பிபிஎம்ல சொல்வாங்க, அதாவது பத்து லட்சம் பங்கு காத்துல எத்தனை பங்கு அந்த கேஸ்னு. 10,000 பிபிஎம் சேந்தா ஒரு சதவீதம்.

எரியற கேஸுக்கு எல்இஎல்னு ஒரு கணக்கு, ஒரு கேஸ் காத்துல எவ்வளவு கலந்தா பத்திக்கிற நிலைக்கு வருமோ அந்த குறைஞ்சபட்ச அளவு. மீத்தேனுக்கு சுமார் 5 சதவீதம், ஹைட்ரஜனுக்கு 4, எல்பிஜில இருக்கிற புரோப்பேனுக்கு 2 சதவீதத்துக்கு கொஞ்சம் மேல. மீட்டர் இந்த அளவைத்தான் 100ன்னு வச்சுக்குது. ஸ்கிரீன்ல 10 வந்தா காத்துல 10 சதவீதம் கேஸ் இருக்குன்னு அர்த்தம் இல்ல, பத்திக்கிற அளவுல பத்துல ஒரு பங்கு வந்தாச்சுன்னு அர்த்தம், மீத்தேன்னா 5,000 பிபிஎம்.

இதுல நிறைய பேர் கவனிக்காத ஒரு கணக்கு ஆக்ஸிஜன்ல ஒளிஞ்சிருக்கு. மீட்டர்ல 20.9 இருந்தது 19.9 ஆச்சுன்னா ஒண்ணுதானே குறைஞ்சிருக்கு, அலாரமும் அடிக்கலையே, பரவாயில்லன்னு தோணும். ஆனா காத்துல அஞ்சுல ஒரு பங்குதான் ஆக்ஸிஜன், அதனால அது ஒரு சதவீதம் குறையணும்னா மொத்த காத்துல கிட்டத்தட்ட 5 சதவீதத்தை வேற ஏதோ ஒரு கேஸ் தள்ளிட்டு உக்காந்திருக்கலாம். 5 சதவீதம்னா 50,000 பிபிஎம். அந்த கேஸ் என்னன்னு மீட்டருக்குத் தெரியலன்னா மத்த மூணு கட்டத்துலயும் சைபர்தான் காட்டும். அந்த ஒரு பாயின்ட் இறக்கத்துக்கு காரணம் தெரியற வரைக்கும் யாரும் உள்ள போகக்கூடாது.

பேப்பர்ல வர்ற யூனிட்டும் குழப்பும். 2023 டிசம்பர் 26 ராத்திரி எண்ணூர்ல உர ஆலைக்கு கடலுக்கடியில வர்ற குழாய்ல இருந்து அமோனியா கசிஞ்சுது, பெரியகுப்பம் சின்னகுப்பம் ஜனங்க மூச்சுத்திணறி நடுராத்திரில வீட்டை விட்டு ஓடினாங்க. மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் ஆலை வாசல்ல அளந்தப்போ ஒரு கனமீட்டருக்கு 2,090 மைக்ரோகிராம், இருக்க வேண்டியது 400ன்னு சொன்னாங்க. இதையே தொழிலாளி கையில இருக்கிற மீட்டர்ல பாத்தா சுமார் 3 பிபிஎம்தான். அமோனியாவுக்கு வேலை இடத்துல எட்டு மணி நேரத்துக்கு வழக்கமா வச்சிருக்கிற வரம்பு 25 பிபிஎம். அப்ப யாரு சொல்றது சரி? ரெண்டுமே சரிதான். 25ங்கிறது வேலைக்கு வர்ற ஆரோக்கியமான ஆளுக்கு ஒரு ஷிப்டுக்கு போட்ட கணக்கு, 400 மைக்ரோகிராம்ங்கிறது குழந்தை, வயசானவங்க, ஆஸ்துமாக்காரங்க எல்லாரும் 24 மணி நேரமும் சுவாசிக்கிற காத்துக்கு போட்ட கணக்கு. ஒண்ணைக் காட்டி இன்னொண்ணை மறைக்கிறது நடக்கும், படிக்கிறப்போ யூனிட்டைப் பாருங்க. அதோட, அளந்தது எப்பங்கிறதையும் பாருங்க, கசிவு நின்னு காத்து கலைச்சதுக்கு அப்புறம் எடுத்த நம்பர் ஜனங்க ஓடின நேரத்து நம்பரா இருக்காது.

மூக்கு ஏன் கைவிடுது

ஹைட்ரஜன் சல்பைடு அழுகின முட்டை நாத்தம் அடிக்கும், அதுவும் 0.1 பிபிஎம்முக்கு கீழ இருக்கும்போதே மூக்குக்கு தெரிஞ்சிடும், அந்த விஷயத்துல மூக்கு எந்த மீட்டருக்கும் குறைஞ்சது இல்ல. சிக்கல் எங்கன்னா, 100 பிபிஎம்மை நெருங்கும்போது அந்த கேஸ் மோப்ப நரம்பையே மரத்துப்போக வச்சிடுது. நாத்தம் நின்னுபோச்சு, காத்து வந்து கலைஞ்சுபோச்சு போலன்னு நினைச்சு இன்னும் ரெண்டு படி கீழ இறங்கறார், உண்மையில அந்த இடத்துலதான் அளவு ஏறியிருக்கு. 500, 700 பிபிஎம்ல சில நிமிஷத்துல மயக்கம், 1,000ல ரெண்டு மூச்சு இழுத்தா போதும். நாத்தம் தெரியலையான்னு கேக்கறவங்களுக்கு இதுதான் பதில், அவங்க இறங்கினது அஜாக்கிரதையால மட்டும் இல்ல, உடம்பே தப்பான தகவல் குடுத்துடுது.

கார்பன் மோனாக்சைடுக்கு வாசனையே கிடையாது. மீத்தேனுக்கும் கிடையாது. சமையல் கேஸ்ல வர்ற அந்த நாத்தம் நாம கலக்கறது, மெர்காப்டன்னு ஒரு கந்தக கெமிக்கல். அமெரிக்காவுல டெக்சாஸ் நியூ லண்டன்ங்கிற ஊர்ல 1937 மார்ச் 18ஆம் தேதி பள்ளிக்கூடத்துக்கு அடியில வாசனை இல்லாத இயற்கை எரிவாயு சேந்து வெடிச்சதுல கிட்டத்தட்ட 300 பேர், பெரும்பாலும் பிள்ளைங்க, செத்துப்போனாங்க. அதுக்கப்புறம்தான் கேஸ்ல கட்டாயம் வாசனை சேக்கணும்னு அங்க சட்டம் வந்துச்சு. நம்ம அடுப்புல வர்ற நாத்தத்துக்கு பின்னாடி அந்த பிள்ளைங்க இருக்காங்க.

சுரங்கத்துல மூக்குக்கு பதிலா ரொம்ப நாளா கேனரி குருவியை வச்சிருந்தாங்க. சின்ன உடம்பு, வேகமா மூச்சு விடும், கார்பன் மோனாக்சைடு மனுஷனைத் தாக்கறதுக்கு முன்னாடி அது சாயும். பிரிட்டன்ல 1986ல தான் அத நிறுத்தினாங்க. அதுக்கும் முன்னாடி 1815ல வந்த டேவி விளக்கு, மீத்தேன் இருந்தா தீ நாக்கு நீலமா நீளும், ஆக்ஸிஜன் இல்லன்னா அணைஞ்சிடும். ஒரே விளக்கு ரெண்டு வேலை.

டப்பாக்குள்ள என்ன இருக்கு

ஒவ்வொரு சென்சாரும் ஒவ்வொரு விதமா கேஸைப் பாக்குது. எப்படி பாக்குதுன்னு தெரிஞ்சா எப்ப பாக்காதுன்னும் தெரிஞ்சிடும்.

1. எரிச்சுப் பாக்கறது. இதுக்கு பெல்லிஸ்டர்னு பேரு. மீட்டர் மூஞ்சியில சல்லடை மாதிரி ஒரு சின்ன மெட்டல் வட்டம் இருக்கும் பாருங்க, அதுக்கு உள்ள அரிசியை விட சின்னதா ரெண்டு பீங்கான் மணி, ஒவ்வொண்ணுக்குள்ளயும் தலைமுடி மாதிரி பிளாட்டினம் கம்பிச் சுருள். கரண்ட்ல சில நூறு டிகிரிக்கு சூடாகும். ஒரு மணில வினையூக்கி பூசியிருக்கும், எரியற கேஸ் வந்து பட்டா அதுமேலயே எரியும், சூடு ஏறும், கம்பியோட மின்தடை மாறும். பக்கத்து மணில அது இருக்காது. ரெண்டுக்கும் உள்ள வித்தியாசம்தான் ஸ்கிரீன்ல நம்பரா வருது. உள்ள எரியற தீ வெளிய வந்துடாம பாத்துக்கிறது அந்த சல்லடை.
2. எலக்ட்ரோகெமிக்கல். இது ஒரு குட்டி பேட்டரி. கேஸ் சின்ன துளை வழியா உள்ள போய் எலக்ட்ரோடுல வினை புரிஞ்சா மைக்ரோஆம்பியர் அளவுல கரண்ட் வரும். ஆக்ஸிஜன், கார்பன் மோனாக்சைடு, ஹைட்ரஜன் சல்பைடு, அமோனியா, குளோரினுக்கு தனித்தனியா செல் வேணும். பேட்டரின்னு சொன்னேன்ல, அதே மாதிரி அலமாரில சும்மா கிடந்தாலும் வயசாகும், பெரும்பாலும் ரெண்டு மூணு வருஷம்தான்.
3. இன்ஃப்ராரெட். மீத்தேன் மாதிரி கேஸ்கள் குறிப்பிட்ட அலைநீளத்து ஒளியை உறிஞ்சிக்கும், எவ்வளவு ஒளி காணாம போச்சுன்னு பாத்து கேஸைக் கணக்கு போடும். இதுக்கு ஆக்ஸிஜன் தேவையில்ல. ஆனா ஹைட்ரஜன் அந்த ஒளியை உறிஞ்சாது, அதனால ஹைட்ரஜன் இதுக்கு கண்ணுக்கே தெரியாது.
4. பிஐடி. புற ஊதா விளக்கு அடிச்சு கேஸ் மூலக்கூறுல இருந்து எலக்ட்ரானைப் பிடுங்கி அளக்கறது. பென்சீன், ஸ்டைரீன் மாதிரி ஆவிகளுக்கு ரொம்ப நுட்பமானது. மீத்தேன் தெரியாது.
5. டின் ஆக்சைடு சென்சார். 1960கள்ல ஜப்பான்ல நவோயோஷி தாகுச்சி கொண்டுவந்தது, வீட்டுல மாட்டற விலை குறைஞ்ச அலாரம்ல பெரும்பாலும் இதுதான். எல்பிஜிக்கும் கத்தும், சென்ட் அடிச்சாலும் கத்தும், தாளிக்கிற புகைக்கும் கத்தும்.

சைபர் பொய் சொல்ற அஞ்சு இடம்

1. அந்த கேஸுக்கான சென்சாரே அதுல இல்ல. 2020 மே 7 விடியற்காலைல விசாகப்பட்டினத்துல ஒரு பிளாஸ்டிக் ஆலை டேங்க்ல இருந்து ஸ்டைரீன்ங்கிற கெமிக்கலோட ஆவி கசிஞ்சு 12 பேர் இறந்தாங்க. அந்த மாதிரி இடத்துல சாதாரண ஃபோர் கேஸ் மீட்டரை கையில வச்சிருந்தா என்ன ஆகும்னு கணக்கு போட்டுப் பாருங்க. ஸ்டைரீனோட எல்இஎல் 0.9 சதவீதம், அதாவது 9,000 பிபிஎம். மீட்டர் 10 சதவீத எல்இஎல்லுக்கு கத்தும்னா 900 பிபிஎம். ஆனா 700 பிபிஎம்லயே உயிருக்கு ஆபத்துன்னு வரையறுத்து வச்சிருக்காங்க. அதாவது மீட்டர் தன்னோட கணக்குப்படி சரியாத்தான் வேலை செய்யும், கத்தறதுக்குள்ள ஆளுக்கு ஆபத்து வந்திருக்கும்.

2. ஆக்ஸிஜன் இல்ல. பெல்லிஸ்டர் கேஸை எரிச்சுப் பாக்குதுன்னு சொன்னோம், எரியணும்னா ஆக்ஸிஜன் வேணுமே. டேங்க் முழுக்க மீத்தேன் நிறைஞ்சு ஆக்ஸிஜன் கம்மியா இருந்தா மணில எதுவும் எரியாது, நம்பர் குபீர்னு ஏறி அப்படியே கீழ விழுந்து சைபர் பக்கம் வந்து நிக்கும். நல்ல மீட்டர்னா உச்சத்துக்கு போனதும் அப்படியே பூட்டிக்கும், எல்லா மீட்டரும் அப்படி செய்யாது. முதல்ல ஆக்ஸிஜனைப் பாரு, அப்புறம் எரியற கேஸ், அப்புறம் விஷம்னு வரிசை சொல்லித் தர்றது இதுக்குத்தான். ஆக்ஸிஜன் நம்பர் சரியில்லன்னா எல்இஎல் நம்பரை நம்பவே கூடாது. எண்ணெய்க் கப்பல் டேங்குகள்ல வேணும்னே ஆக்ஸிஜனைக் குறைச்சு வச்சிருப்பாங்க, அங்க பெல்லிஸ்டர் எடுபடாது, இன்ஃப்ராரெட் மாதிரி வேற முறைதான்.

3. சென்சார் செத்துப்போச்சு. சிலிகான் ஸ்ப்ரே, சிலிகான் சீலண்ட், சில பாலிஷ் இதோட ஆவி பட்டாலே பெல்லிஸ்டர் மணி மேல படலமா படிஞ்சு வினையூக்கியைக் கெடுத்துடும். இதுல கொடுமை என்னன்னா கெட்டுப்போன சென்சாரும் ஸ்கிரீன்ல சைபர்தான் காட்டும், சுத்தமான காத்துல நல்ல சென்சார் காட்டற அதே சைபர். ரெண்டுக்கும் வித்தியாசம் கண்டுபிடிக்க ஒரே வழி தெரிஞ்ச அளவு கேஸை அதுக்கு காட்டிப் பாக்கறதுதான். இதுக்கு பம்ப் டெஸ்ட்னு பேரு. தமிழ்ல எழுதினா காத்தடிக்கிற பம்ப் மாதிரியே வந்துடுது, ஆனா இது லேசா ஒரு தட்டு தட்டிப் பாக்கறதுங்கிற அர்த்தம். கேன்ல அடைச்ச டெஸ்ட் கேஸை சின்ன ட்யூப் வழியா மீட்டர் மேல விடணும், ஒரு நிமிஷத்துக்குள்ள நாலு நம்பரும் அசையணும், சத்தம் வரணும், லைட் மின்னணும், கைல அதிரணும். அசையலன்னா அன்னைக்கு அந்த மீட்டர் வேலைக்கு போகக்கூடாது. நம்பர் எவ்வளவு துல்லியம்னு சரிபண்றது கேலிப்ரேஷன், அது வேற வேலை, அதை கொஞ்ச மாசத்துக்கு ஒருதடவை செய்வாங்க. வருஷம் ஒருதடவை கேலிப்ரேஷன் சர்டிஃபிகேட் வாங்கி ஃபைல்ல வச்சுட்டு தினமும் பம்ப் டெஸ்ட் பண்ணாம விடறது, என்னைக் கேட்டா, மீட்டரே இல்லாம போறதை விட மோசம், ஏன்னா மீட்டர் இல்லாதவனுக்கு பயமாவது இருக்கும்.

4. அளந்த இடம் தப்பு. மீத்தேன் காத்தை விட பாதி எடைதான், மேல ஏறும். ஹைட்ரஜன் சல்பைடு காத்தை விட கொஞ்சம் கனம், கீழ தங்கும். எல்பிஜி ஒன்றரை மடங்குக்கு மேல கனம், தரையோட ஓடும். மேன்ஹோல் வாய்ல மீட்டரை நீட்டிப் பாத்துட்டு ஓகேன்னு சொல்றது ஒண்ணுக்கும் உதவாது. மூடியை லேசா தூக்கின இடுக்குலயே முதல்ல பாக்கணும், அப்புறம் ட்யூபை இறக்கி 4 அடிக்கு ஒருதடவை நிறுத்தணும். ட்யூப் நீளமா இருந்தா கீழ இருக்கிற காத்து மேல வந்து சேரவே நேரம் ஆகும், அதுக்கப்புறம் சென்சார் நம்பர் காட்ட இன்னும் நேரம் ஆகும். அவசரப்பட்டா நீங்க பாக்கற சைபர் மேல இருந்த காத்தோடது. இதோட முடியல, சேத்துக்குள்ள கேஸ் குமிழா பிடிச்சு வச்சிருக்கும், ஆள் இறங்கி கால் வச்சதும், மண்வெட்டி போட்டதும் மொத்தமா வெளிய வரும். மேல இருந்து அளந்தப்போ அந்த சைபர் உண்மையாவே இருந்திருக்கும், ரெண்டு நிமிஷம் கழிச்சு அது பொய். அதனாலதான் மீட்டர் இறங்கறவர் சட்டையில, மூக்குக்கு பக்கத்துல, வேலை முடியற வரைக்கும் ஓடிட்டே இருக்கணும். விசாகப்பட்டினத்துலயும் இதே மாதிரி ஒண்ணு நடந்துச்சு, அது கேஸ் சென்சார் இல்ல, வெப்பநிலை சென்சார். டேங்கோட அடியில மட்டும்தான் இருந்துச்சு, நடுவுலயும் மேலயும் ஸ்டைரீன் சூடேறினது ஸ்கிரீனுக்கு வரவே இல்லன்னு மாநில அரசோட உயர்நிலைக் குழு சொல்லுச்சு. அதே குழுதான் 36 இடத்துல சைரன் அடிக்கிற வசதி இருந்தும் யாரும் அடிக்கலன்னும் எழுதுச்சு.

5. மனுஷனே அலாரத்தை அணைச்சிடறது. 2010 ஏப்ரல் 20 மெக்சிகோ வளைகுடாவுல டீப்வாட்டர் ஹொரைசன் எண்ணெய் ரிக் வெடிச்சு 11 பேர் இறந்தாங்க. ராத்திரி மூணு மணிக்கு பொய் அலாரம் அடிச்சு ஆளுங்க தூக்கம் கெடக்கூடாதுன்னு பொது அலாரத்தை தானா அடிக்காத நிலையில வச்சிருந்தாங்கன்னு அந்த ரிக்கோட தலைமை எலக்ட்ரானிக்ஸ் டெக்னீஷியனே விசாரணையில சொன்னார். அதே மாசம் 5ஆம் தேதி அமெரிக்காவுல அப்பர் பிக் பிராஞ்ச் நிலக்கரி சுரங்கத்துல 29 பேர் இறந்தாங்க. அங்க மீத்தேன் 2 சதவீதம் தொட்டா வெட்டற மெஷினுக்கு கரண்ட் தானா நிக்கணும், ரெண்டு மாசத்துக்கு முன்னாடி அதே சுரங்கத்துல ஒரு மெஷினோட மீத்தேன் மானிட்டர் சும்மா சும்மா நிறுத்துதுன்னு வயர் குடுத்து பைபாஸ் பண்ணி ஓட்டியிருக்காங்க. அந்த பைபாஸால வெடிக்கல, ஆனா அங்க வேலை எப்படி நடந்துச்சுன்னு அது சொல்லுது. அடிக்கடி பொய்யா கத்தற டிடெக்டர்னா அத வச்ச இடமோ சென்சார் வகையோ தப்புன்னு அர்த்தம், அதை மாத்தணும்.

தொழிலுக்கு தொழில் ஆபத்து வேற

தோல் பதனிடற இடத்துல முடியை நீக்க சுண்ணாம்போட சோடியம் சல்பைடு போடுவாங்க. அந்த கழிவுத் தண்ணி தனியா இருக்கிற வரைக்கும் பரவாயில்ல, தோலை அமிலத்துல போடற பிக்ளிங் கட்டத்துல வர்ற அமிலத் தண்ணியோட ஒரே தொட்டியில கலந்துச்சுன்னா உடனே ஹைட்ரஜன் சல்பைடு கிளம்பும். வாணியம்பாடி, ஆம்பூர், ராணிப்பேட்டை பக்கம் தொட்டி கழுவ ஆள் இறக்கறவங்க முக்கியமா தெரிஞ்சுக்க வேண்டியது இது, அங்க கேஸ் அழுகி மெதுவா உருவாகறது மட்டும் இல்ல, ரெண்டு தண்ணி சேந்த நொடியில உருவாகும்.

ஐஸ் பேக்டரி, மீன் குளிர்பதனக் கிடங்குல அமோனியா. அது காத்தை விட லேசுன்னு புத்தகத்துல இருக்கும், அதனால சென்சாரை கூரையில வைப்பாங்க. ஆனா அழுத்தத்துல இருக்கிற திரவம் கசிஞ்சா குளிர்ந்த வெள்ளைப் புகையா தரையோட பரவும், அதனால வால்வு, பம்ப் பக்கத்துல கீழயும் ஒண்ணு வேணும்.

பேட்டரி சார்ஜ் பண்ற அறையில ஹைட்ரஜன் வரும், கூரை மூலையில சேரும். இங்க ஒரு வேடிக்கையான சிக்கல் உண்டு, பல கார்பன் மோனாக்சைடு சென்சார்கள் ஹைட்ரஜனைப் பாத்தும் கத்தும். இன்ஜினே ஓடலையே, எங்க இருந்து மோனாக்சைடுன்னு மீட்டரைத் தட்டிட்டு விட்டுடக்கூடாது, அது வேற பேர்ல உண்மையைத்தான் சொல்லுது.

வீட்டுக்கு எது

சிலிண்டர் எல்பிஜின்னா அலாரம் தரையில இருந்து ஒரு அடி உயரத்துல. குழாய்ல வர்ற இயற்கை எரிவாயுக்கு மாறிட்டீங்கன்னா அது மீத்தேன், அலாரம் கூரைக்கு பக்கத்துல போகணும். தமிழ்நாட்டுல இப்ப நிறைய ஊர்ல குழாய் இணைப்பு வந்துட்டு இருக்கு, சிலிண்டர் காலத்து அலாரத்தை அதே இடத்துல விட்டுட்டா கேஸ் அது தலைக்கு மேலேயே போய் சேரும். எந்த கேஸுக்கு சரிபண்ணதுன்னு டப்பா பின்னாடி போட்டிருக்கும், பாருங்க. பாத்ரூம்ல கேஸ் கீசர் வச்சிருக்கிறவங்களுக்கு ஆபத்து கசிவு மட்டும் இல்ல, காத்து போதாம அரைகுறையா எரிஞ்சு வர்ற கார்பன் மோனாக்சைடு. அதுக்கு எல்பிஜி அலாரம் உதவாது, மோனாக்சைடு அலாரம் தனி. அதை விட நல்லது கீசரை பாத்ரூமுக்கு வெளிய மாட்டறது.

மீட்டர் கத்தினா என்ன

கழிவுநீர்த் தொட்டியில ஆளை இறக்கி ஆபத்தான முறையில சுத்தம் பண்றதை 2013ல வந்த சட்டம் தடை பண்ணியிருக்கு. வேற வழியே இல்லாத விதிவிலக்கான சூழல்ல இறங்கினா குடுக்க வேண்டிய கருவிகள் பட்டியல்ல நாலு கேஸ் பாக்கற மானிட்டரும் இருக்கு. மீட்டர் வாங்கிட்டோம், இனி இறக்கலாம்னு இதை படிக்கக்கூடாது. முதல்ல மெஷின், அது முடியாத இடத்துலதான் மத்ததெல்லாம். இப்படி இறந்தவங்க குடும்பத்துக்கு 30 லட்சம் ரூபாய் குடுக்கணும்னு 2023 அக்டோபர் 20ல உச்ச நீதிமன்றம் சொல்லுச்சு, அதுக்கு முன்னாடி 10 லட்சமா இருந்துச்சு.

இப்ப காப்பாத்தப் போய் இறக்கிற அந்த ரெண்டாவது ஆள் விஷயத்துக்கு வருவோம். மூடின இடங்கள்ல நடக்கிற சாவுகள்ல 60 சதவீதத்துக்கு மேல காப்பாத்தப் போனவங்கன்னு அமெரிக்காவோட தொழில் பாதுகாப்பு ஆய்வு நிறுவனம் 1986லயே எச்சரிக்கை விட்டுச்சு. கீழ விழுந்தவர் அண்ணனா தம்பியா இருப்பார், மேல நிக்கிறவரால சும்மா பாத்துட்டு இருக்க முடியாது, குதிச்சிடுவார், அதை யாரும் தப்பு சொல்ல முடியாது. அவர் குதிக்காம இருக்கணும்னா அவர் கையில செய்யறதுக்கு வேற ஒரு வேலை இருக்கணும். அதுக்குத்தான் இறங்கறவர் உடம்புல முன்கூட்டியே பெல்ட், அதுல கயிறு, தொட்டி வாய்க்கு மேல மூணு கால் ஸ்டாண்ட், அதுல கயிறை மேல இழுக்க கையால சுத்தற வின்ச். கீழ மீட்டர் கத்தினா மேல இருக்கிறவர் யாரையும் கூப்பிட வேண்டாம், உள்ள எட்டிப் பாக்கவும் வேண்டாம், கைப்பிடியைப் பிடிச்சு சுத்த ஆரம்பிச்சா போதும்.